மிதவைச் சட்டையும் எட்டு முழ வேட்டியும்

என் மகள் ஏழு மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போது, அவளுக்குப் பதிலாக ஒரு பூசணிக்காயை நெஞ்சில் கட்டிக்கொண்டு மூன்று சாயங்காலம் அந்தமானின் ஹாடோ மேட்டில் ஏறி இறங்கியவன் நான். அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. பாசி வழுக்கும் இடம் வந்தபோதெல்லாம் பூசணிக்காயின் தலையை இடது கையால் தாங்கிக்கொண்டேன். எது தலை என்பதை நானே தீர்மானித்திருந்தேன். காம்பு இருந்த பக்கம்.

இதைச் செய்தவன் படிக்காதவன் அல்ல. போர்ட் பிளேர் நூலகத்தில் இருந்த ஆங்கிலப் புத்தகங்களில் பாதியை நான் படித்திருந்தேன். மீதிப் பாதியைக் கரையான் படித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். செரிமானம் மட்டும் கரையானுக்கு நன்றாக இருந்தது.

அறுபதுகள் முடியப்போகும் சமயம். கப்பல் சம்பந்தப்பட்ட ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் ஸ்டோர் கிளார்க். என் மனைவி துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூ பிளாட்டில், ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். தற்காலிக வேலை, அந்த வருடம் நிரந்தரமாக வேண்டியது. பிரசவத்துக்கு எடுத்த லீவு தீர்ந்து அவள் வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. இன்னும் லீவு கேட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் ஓய்வுபெற்ற மலையாள நர்ஸ் அம்மாள் ஒருவர் இருந்தார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். ஹாடோ குவார்ட்டர்ஸிலிருந்து மேடு இறங்கி, சாத்தம் ஜெட்டிவரை நடந்து, ஃபெர்ரியில் அக்கரை போய், அங்கே மறுபடி ஒரு மேடு ஏறி, அந்த அம்மாள் கையில் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்குத்தான் ஆள் இல்லை. பிரசவத்துக்குப் பின் என் மனைவிக்கு நாரிப் பிடிப்பு வந்திருந்தது. குனிந்தால் நிமிர ஐந்து நிமிடம் ஆகும். ஆறு மாதத்துக்குப் பிள்ளையை இடுப்பில் வைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

"இடுப்புல வைக்காம எப்படிக் கொண்டு போக, டாக்டர்?"

"ஏம்மா, ஹஸ்பண்ட் இருக்காரே."

டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். வரிசையில் அடுத்து நின்ற பெரியவர்கூட என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைப் பார்த்து, கடைசி வரிவரைக்கும் தெரிகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் ஆண் வெளியில் எதையெல்லாம் தூக்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஃபைல் தூக்கலாம். மீன் தூக்கலாம், பெரிய மீனாக இருந்தால் சுற்றுவழியாகவும் தூக்கிக்கொண்டு போகலாம். மண்ணெண்ணெய் டின் தூக்கலாம். பிள்ளையை வீட்டுக்குள் தூக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கோவிலில், போட்டோவுக்கு நிற்பதுபோல, சற்று நேரம் தூக்கலாம். வேலை நாளில் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் கால்சட்டையோடு சாத்தம் ரோட்டில் பிள்ளையைச் சுமந்துபோகிறவன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்கள் என்று கேட்காதீர்கள். கடைப்பிடித்தவர்களில் நான் முதல் வரிசை.

இதற்கிடையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் மனைவியின் அக்கா கடிதம் போட்டார். பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிடும்படியும், மூன்று வயதானதும் திரும்ப அழைத்துக்கொள்ளும்படியும், அதற்காக அடுத்த கப்பலில் தானே வருவதாகவும் எழுதியிருந்தார். தீவில் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, மெயின்லாண்ட். பல்வலியா, மெயின்லாண்டுக்கு அனுப்பு. பெண் பார்க்க வேண்டுமா, மெயின்லாண்ட். பையன் படிக்கவில்லையா, மெயின்லாண்ட். அங்கே போயும் படிக்க மாட்டான், ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் படிக்காமல் இருப்பான்.

மனைவி அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும். அதற்கான வாக்கியங்கள் நிறையப் படித்து வைத்திருந்தேன். அவள் தையல் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு கவுன் தைக்க ஆரம்பித்தாள். முதல் கவுனைத் தூக்கிப் பார்த்தேன்.

"இது அவளுக்குப் பெரிசா இருக்குமே."

"அங்க போயி வளருவாள்லா," என்றாள்.

இரண்டாவது கவுன் அதைவிடப் பெரிது. மூன்றாவது அதைவிட. மூன்று வயதுவரைக்கும் தைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது.

அன்றைக்குத்தான் எனக்குள் இருந்த இன்ஜினீயர் கண் விழித்தான். நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருந்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் அலுமினியச் சட்டம் போட்ட பையில் பிள்ளையை உட்காரவைத்துப் பனிமலையில் ஏறிக்கொண்டிருந்தான். பிள்ளை சிரித்தது. பத்திரிகைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் இருக்கும், அதற்குத்தான் அவற்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பாரம் இரண்டு தோளுக்கும் பங்காகிவிடுவதால் முதுகுக்குத் தொந்தரவே இல்லை என்று கீழே போட்டிருந்தது. இதைவிட வேறு என்ன வேண்டும்? டாக்டர் இடுப்பில் வைக்கக் கூடாது என்றுதான் சொன்னார். தோளில் மாட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே பிள்ளையை அவளே தூக்கலாம். நான் கருவி செய்து கொடுக்கலாம். ஓர் ஆண்பிள்ளை ஒரு வேலையைச் செய்யாமல் தப்பிக்க எடுத்துக்கொள்ளும் பாடு இருக்கிறதே, அதில் கால்வாசி போதும், அந்த வேலையைச் செய்து முடித்துவிடலாம்.

எங்கள் ஸ்டோரின் மூலையில் கண்டெம் செய்து ஒதுக்கிய மிதவைச் சட்டைகள் ஒரு குவியல் கிடந்தன. கப்பல் முழுகினால் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதிப்பதற்கான ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள், உள்ளே இலவம்பஞ்சு. கண்டெம் என்றால் மனிதனை இனி மிதக்க வைக்காது என்று பொருள். பிள்ளையைச் சுமக்காது என்று எந்த விதியிலும் இல்லை. முறைப்படி எழுதிக் கேட்டேன். எதற்காக என்ற கட்டத்தில் 'வீட்டு உபயோகம்' என்று நிரப்பினேன். இரண்டு கிடைத்தன.

எங்களிடம் படகு மூடும் கான்வாஸ் தைக்கிற தையல்காரர் ஒருவர் இருந்தார். ஒரு சட்டையைப் பிரித்து இன்னொன்றின் முன்பக்கத்தில் பையாக வைத்துத் தைக்கச் சொன்னேன். பிள்ளையின் கால் வெளியே வர இரண்டு ஓட்டை. தோளுக்கு இரண்டு விரல் அகலத்தில் பெல்ட் நாடா. இரும்பு பக்கிள் நான்கு. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல புள்ள உக்காருமா ஸார், தொங்குமா?"

"கால் வெளிய தொங்கும். மலையேறுறவங்கள்லாம் அப்படித்தான் வெச்சிருக்காங்க."

"அப்ப சரி ஸார்," என்றார். அவரும் அரசாங்க ஊழியர்.

ஆபீஸ் முழுக்க ஆளுக்கொரு ஆலோசனை. பிள்ளையின் முகம் வெளியே பார்க்க வேண்டும், அப்போதுதான் அறிவு வளரும் என்றார் ஒருவர். உள்ளே பார்க்க வேண்டும், அப்போதுதான் பாசம் வளரும் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்குமாகப் பிள்ளைகள் ஒன்பது. ஒன்பதில் ஒன்றையாவது இவர்கள் கழுவிவிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் குறித்துக்கொண்டேன். பிள்ளை தூக்குவதைப் பற்றி விரிவாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு இருப்பவர்கள்.

பிறகு சோதனை ஓட்டம். மகளின் எடைக்குச் சரியாக ஒரு பூசணிக்காய் வேண்டும் என்று வங்காளிக் காய்கறிக்காரரிடம் ஏழெட்டைத் தராசில் ஏற்றி இறக்கவைத்தேன். கருவி மிகப் பிரமாதமாக வேலை செய்தது. பூசணிக்காய்க்கு எந்தப் புகாரும் இல்லை. அதற்கு வியர்க்கவில்லை. தொடை அறுபடவில்லை, தொடையே இல்லை. நாலாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு.

மனைவி பள்ளியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு, அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கருவியை மாட்டினேன். பை அவள் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்து நின்றது. நாடாவை எவ்வளவு இழுத்தும் தொடைக்கு மேலே ஏறவில்லை. பிள்ளையை அதில் வைத்தால் அவள் எட்டு வைக்கும்போதெல்லாம் உதைக்க வேண்டியிருக்கும்.

அவள் தன்னைத் தானே ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டாள்.

"யாரு ஒடம்புக்கு அளவெடுத்திய?"

கருவி அவளுக்கு, அளவு எனக்கு. சோதித்தவன் நான், எனவே தைத்ததும் எனக்கு. மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட இது என் மண்டையில் ஏறவில்லை.

"ஒங்களுக்குக் கச்சிதமாத்தான் இருக்கும்," என்று அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "நாளைக்கி நீங்களே மாட்டிக்கிடுங்க."

இப்படித்தான் அந்தத் திங்கட்கிழமைக் காலை, ஆபீஸ் கால்சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் வீங்கிப்போய், நெஞ்சில் மகளோடு, நான் சாத்தம் ஜெட்டியில் இறங்கினேன். கூட மனைவி, கையில் குடையும் பிள்ளையின் பையும். மகள் மேடு இறங்கும்போதே அழ ஆரம்பித்திருந்தாள். அதை ஒரு பொருட்டாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பழகினால் சரியாகும் என்று நினைத்தேன். பழகுவதற்கு ஏழரை கிலோவில் ஒரு பிள்ளை என்ன பாடுபட வேண்டும் என்று யோசிக்கவில்லை.

ஃபெர்ரியில் ஏறினதும் அங்கிருந்தவர்களின் பேச்சு நின்றது. எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வங்காளி அம்மாள் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள். ஒரு பெரியவர் எழுந்து வானத்தைப் பார்த்தார். மேகம் சாதாரணமாக இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாகப் பட்டிருக்க வேண்டும்.

"பாபு, துஃபான் ஆத்தா ஹை க்யா?" என்றார். புயல் வருகிறதா என்று.

"நஹி, நஹி."

"தோ க்யூ பஹனா?" அப்புறம் எதற்காகப் போட்டிருக்கிறாய்.

நான் விளக்குவதற்குள் பின்னாலிருந்து தமிழிலேயே ஒரு குரல். "கப்பல் ஆபீஸ் ஆளுடே. அவருக்குத் தெரியாமலா? பாரு, புள்ளைக்கும் மாட்டிவிட்டுருக்காரு. நமக்குத்தான் ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

அது போதும். கப்பல் ஆபீஸ் பாபுவே மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பிள்ளைக்கும் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறினால் தீவில் வாழ்கிறவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். மீதிப் பேர் தங்களுக்கும் சட்டை வேண்டும் என்று படகோட்டும் செராங்கைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கோழிக்கூண்டோடு இருந்தார். கோழிக்கும் கேட்டாரா என்று எனக்கு நினைவில்லை. மகள் என் நெஞ்சில் வீறிட்டு அழுதாள். அது செய்தியை உறுதிப்படுத்தியது.

செராங்கு தெலுங்குக்காரர், நிதானமான மனிதர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"பாபு, ஏ உதாரோ. நஹி தோ போட் நஹி சலேகா."

இதைக் கழற்று, இல்லையென்றால் படகு நகராது. நான் கழற்ற முயன்றேன். நான்கு பக்கிளில் இரண்டு துருப்பிடித்து இறுகியிருந்தன. கடைசியில் செராங்கு ஒரு பக்கமும் கோழிக்காரர் ஒரு பக்கமுமாக நின்று இழுத்துப் பிள்ளையை வெளியில் எடுத்தார்கள். என் மனைவி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் யார் என்று தெரியாதவள் மாதிரி.

பிள்ளையின் இரண்டு தொடையிலும் கான்வாஸ் விளிம்பு அறுத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. உட்காரும் பாகத்துக்கு எதுவுமே தாங்கல் இல்லாமல் மொத்த எடையும் கவட்டியில் தொங்கியிருக்கிறது. மோவாய் நெஞ்சில் அழுந்திக் கழுத்து மடங்கிக் கிடந்திருக்கிறது. ஒரு காது பக்கிளில் பட்டுக் கன்றியிருந்தது. அந்தமான் புழுக்கத்தில் இலவம்பஞ்சு மெத்தைக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் அவள் வெந்துபோயிருந்தாள். இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறந்துபோனதோடு கதை முடிந்தது.

அன்று சாயங்காலம் மனைவி சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஆரஞ்சுச் சட்டையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கவுனுக்குப் பொத்தான் வைக்க உட்கார்ந்தாள். கப்பல் வரப் பதினெட்டு நாள் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து கையில் தூக்கினேன். சட்டத்தை மீறியாகிவிட்டது, மிதவைச் சட்டைக்குப் பிறகு இனி என்ன மானம். ஆனால் கைக்கு ஒரு எல்லை இருக்கிறது, குறிப்பாகப் பேனா பிடிக்கிற கைக்கு. ஐந்து இடத்தில் நின்றேன். ஃபெர்ரியைத் தவறவிட்டேன். மூன்றாம் நாள் பாம்பூ பிளாட் மேட்டில் நான் மூச்சுவாங்குவதைப் பார்த்து, பள்ளி மணி அடித்துவிடும் என்ற பதற்றத்தில், மனைவி பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி மேட்டை ஏறிவிட்டாள். அன்று வீடு வந்து படுத்தவளால் விடியும்வரை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

"அக்கா வரட்டும்," என்றாள் கூரையைப் பார்த்தபடி. "நமக்கு இது சரிப்படாது."

அதே ஃபெர்ரியில் ஒரு ராஞ்சிக்காரத் தம்பதி வருவார்கள். காட்டில் மரம் வெட்டும் கூலிகள். அந்தப் பெண்ணின் முதுகில் ஒரு பிள்ளை, ஒரே ஒரு துணியால் கட்டியிருக்கும். தலையில் ஒரு மூட்டை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடப்பாள். தினமும் பார்த்ததுதான். பனிமலைக்காரனின் படத்தைப் பார்த்த அன்றைக்கு இவள் என் கண்ணில் படவில்லை, அவ்வளவு நல்ல கண், கடைசி வரிவரை தெரிகிற கண்.

கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியிருப்பாள். ஆனால் கூலி வேலைக்காரியிடம் போய்ப் பிள்ளை கட்டும் விதத்தைக் கேட்க ஸ்டோர் கிளார்க்குக்கு நாக்கு எழவில்லை. ஆகவே பார்த்தே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். நான்கு நாள் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, துணி எந்தத் தோளில் ஏறுகிறது, எங்கே முடிகிறது என்று அவள் முதுகையே உற்றுப் பார்த்தேன். இதற்கு வெளியிலிருந்து பார்த்தால் என்ன பெயர் என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் புருஷன் யோசித்திருந்தான். நாலாம் நாள் எனக்கு முன்னால் வந்து நின்றான். மரத்தைத் தள்ளிச் சாய்க்கிற தோள்.

"பாபு, மேரா அவுரத் கா பீட் பர் க்யா லிக்கா ஹை?"

என் மனைவி முதுகில் என்ன எழுதியிருக்கிறது. ஃபெர்ரியே திரும்பிப் பார்த்தது. என் மனைவி இந்தத் தடவை கடலைப் பார்க்கவில்லை. அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

நான் கையிலிருந்த மகளை உயர்த்திக் காட்டினேன், அவன் மனைவியின் துணியைக் காட்டினேன், எனக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொன்னேன். சொன்னது என்னவென்று எனக்கே இன்றுவரை தெரியாது. அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தான். மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னான், அவளும் சிரித்தாள். படகில் பாதிப் பேருக்கு மிதவைச் சட்டை நினைவு வந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மூட்டையிலிருந்து ஒரு துணியை உருவி அவனே கட்டிவிட்டான். மரத்தைச் சங்கிலியால் யானையோடு கட்டுகிறவன் கை. என் முதுகில் துணியை அகலமாக விரித்து, இரண்டு தோளிலும் ஏற்றி, மகளை என் நெஞ்சோடு சேர்த்து வைத்து, அவள் முழங்கால் இரண்டும் இடுப்புக்கு மேலே நிற்கும்படி துணியைக் கீழே பிடித்து விட்டு, இழுத்தான். மூச்சு முட்டியது.

"பஹுத் டைட்," என்றேன்.

"டீலா ரஹேகா தோ வஜன் லகேகா." தளர்ந்து கிடந்தால்தான் கனக்கும் என்று சொல்லி இன்னும் ஒரு இழு இழுத்தான். பிறகு இரண்டு விரலை அவள் மோவாய்க்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் விட்டுப் பார்த்துத் தலையாட்டினான். மகள் ஒரு நிமிடம் அழுதாள். என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குப் பிறகு அழவில்லை.

துணி என்றால் மந்திரம் என்று எழுதுகிறவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்களும் பூசணிக்காயைத்தான் கட்டிப் பார்த்திருப்பார்கள். ராஞ்சிக்காரனிடம் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் நானாகக் கட்டியபோது, மகள் மெதுவாக வழுக்கி என் தொப்புளுக்கு வந்து சேர்ந்தாள். மனைவியின் நைலான் சேலை வழுக்கியது. மெல்லிய வாயல் சேலை தோளில் கயிறாகத் திரண்டு அறுத்தது. குற்றாலத் துண்டு என் சுற்றளவுக்கு எட்டவில்லை, இதை மனைவி இரண்டு முறை சொன்னாள். கடைசியில் என் எட்டு முழ வேட்டி, பல தடவை துவைத்து மிருதுவான பருத்தி, சரியாக வந்தது. மழைக்காலத்தில் தீவில் எதுவும் மூன்று நாளுக்குக் காயாது. ஆகவே இரண்டு வேட்டி. தலையைக் குனிந்தால் பிள்ளையின் உச்சியில் என் மோவாய் படும் உயரம். அதற்குக் கீழே இறங்கினால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும், நடந்துகொண்டே இழுத்துச் சரிசெய்யலாம் என்பது சோம்பேறியின் நம்பிக்கை. இவ்வளவும் தெரிய எனக்கு ஆறு நாள் ஆயிற்று. ராஞ்சிக்காரனைத் தினமும் ஃபெர்ரியில் பார்த்தேன். அவன் தூரத்திலிருந்தே முடிச்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். ஏழாம் நாள் பிதுக்கவில்லை.

ஊர் சிரித்தது. இடுப்பில் கட்ட வேண்டியதை நெஞ்சில் கட்டிக்கொண்டு போகிறான் என்றார்கள். பாசம் வளர வேண்டும் என்று சொன்ன அந்த ஆபீஸ்காரர் என்னை எதிரில் பார்த்ததும் சாலையின் மறுபக்கம் போனார். அவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

கப்பல் வந்தது. என் மதினி, மனைவியின் அக்கா, இறங்கினார். முகம் வெளுத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு. முதல் நாள் முழுவதும் படுத்திருந்தார். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, நான் வேட்டி கட்டுவதைப் பார்த்தார்.

"ஏட்டி, இவரு என்ன செய்யுதாரு?"

"புள்ளைய எடுத்துட்டுப் போறாரு, அக்கா."

"எடுத்துட்டா? சுத்திக்கிட்டுல்லா போறாரு. சந்தையில தேங்கா மூட்ட கெட்டுத மாதிரி."

மூன்றாம் நாள் எங்கள் கூடவே வந்தார். மேடு இறங்கும்போது என் பக்கவாட்டில் நடந்து பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார், மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார். ஃபெர்ரியில் மகள் தூங்கிவிட்டாள். மனைவி வெறுங்கையோடு முன்னால் நடந்துபோய் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் நுழைந்தாள். சாயங்காலம் மதினி வீட்டில் தைத்து அடுக்கியிருந்த கவுன்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. அக்காவின் முடிவு என்ன என்று கேட்கவும் இல்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மதினி தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"புள்ள இங்கனயே இருக்கட்டும்ட்டி."

மனைவி அடுப்பங்கரைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

ஆனால் அடக்கம் எனக்கு நீடிக்காது. மறுநாளே ஆபீஸில் இரண்டு பேருக்கு விளக்கினேன். முடிவை மாற்றியது என் கட்டுதான் என்று மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள் பெரிய கவுன்களைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கப்பல் கிளம்பும் நாள், ஜெட்டியில், நெஞ்சில் மகளோடு நின்றுகொண்டு, மதினி வாயாலேயே அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

"அப்போ நம்ம கட்டு பரவாயில்லன்னு ஒத்துக்கிடுதியளா, மதினி?"

மதினி கப்பலின் ஏணியை மேலும் கீழும் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"கெட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, இல்லங்கல. ஆனா அதுக்காவ ஒண்ணும் விட்டுட்டுப் போகல. வரும்போது நாலு நாளும் வாந்தி. திரும்பிப் போறதுக்கு என்னையவே நாலு பேரு தூக்கணும் போல இருக்கு, இதுல ஒங்க புள்ளைய வேற எவ தூக்குவா?"